வலது நெஞ்சு

மலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பேசவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அன்றைக்கும் மதகு மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த அவருடைய மனைவியும், பக்கத்தில் இருந்த அவள் அண்ணனும், மேஜையின் தலைப்பக்கத்தில் இருந்த மாமியாரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். அதற்கு முன் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லங்க," என்றாள் மனைவி, கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டே. "எடுத்துச் சொன்னா சிரிப்பு வராது."

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் இதயம் இரண்டு. இடது இதயம் ரத்தத்தை ஓட்டும். வலது இதயம் வம்சத்துக்கு உரியது. ஒரே வம்சத்தார் எட்டும் தூரத்தில் இருந்தால் அவர்களுடைய வலது இதயங்கள் சேர்ந்து துடிக்கும். ஒருவருடைய சந்தோஷமோ எரிச்சலோ மற்றவருக்குச் சொல்லாமலே போய்ச் சேரும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதில்தான் மேல் வம்சமும் கீழ் வம்சமும். மலை வீட்டாரின் துடிப்பு நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகும். தங்களுக்குள் பொய்யோ துரோகமோ செய்துகொள்ள வழியில்லாத குடும்பம் என்பதால் ஆட்சி அவர்கள் கையிலேயே இருந்தது.

மாப்பிள்ளையும் வம்சக்காரர்தான். ஆற்றின் மதகுகளைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்ற குடும்பம். ஆனால் மதகு வீட்டாரின் துடிப்பு ஓர் அறையைத் தாண்டாது. "கூப்பிடு தூரம்கூட இல்லையே மாப்பிள்ளை" என்று கல்யாணத்தன்றே மாமியார் சிரித்தபடி சொன்னார். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்த நாட்கள் குறைவு.

அன்று அவரைக் குத்தியது அந்தச் சிரிப்பு இல்லை. அது பழகிப்போன குத்தல். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், வாலு, பெரியவர்கள் சிரித்து முடித்த பிறகு தானும் மெல்லச் சிரித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நடுவில் ஓர் ஊசி நுழைய இடம் இல்லை.

"ஆச்சு," என்றார் மாமியார். "ஊன்றப் போகுது."

குழந்தைகளின் வலது இதயம் பால் பல் விழும் வயது வரை ஊசலாடிக்கொண்டே இருக்கும். தாய் வம்சத்தோடு கொஞ்சம், தகப்பன் வம்சத்தோடு கொஞ்சம். பிறகு யார் அருகில் அதிகம் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் ஊன்றிவிடும். ஊன்றினால் ஊன்றியதுதான். வாலுவுக்கு முன்பல் ஆடத் தொடங்கியிருந்தது.

மகளுடைய தலையைத் தடவினார் அவர். பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தொண்டையில் பிஞ்சுக் காயைக் கடித்ததுபோல் துவர்த்தது. இவளும் போய்விட்டால் இந்த மேஜையில் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் தான் ஒருவன்தான்.

கொஞ்ச நாளில் மலை வீட்டில் காய்ச்சல் புகுந்தது. முதலில் மைத்துனன், பிறகு மாமியார். ஒருவர் படுத்தால் அந்த வலி வீடு முழுக்கப் பரவும். படுக்காதவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். மனைவியே சொன்னாள்: "வாலுவை உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்தா அவளும் துவண்டுடுவா. நான் அம்மாவைப் பார்த்துக்கறேன்."

மதகு வீடு நகரத்துக்கு வெளியே, ஆறு வளைகிற இடத்தில் இருந்தது. மலை வீட்டுத் துடிப்பு அவ்வளவு தூரம் எட்டாது. ஆள் உயர இரும்புச் சக்கரங்கள், எப்போதும் ஈரமான கல்தரை, மசகு எண்ணெய் வாடை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் இரைச்சல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இரைச்சலோடு போட்டி போட்டே அவருடைய அக்காவுக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதகு வம்சத்தில் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டே பேர்.

அக்கா இருந்த அறைக்குள் கால் வைத்ததும் அவருடைய வலது நெஞ்சு பல மாதங்களுக்குப் பிறகு துணை சேர்ந்து அடித்தது. இறுக்கிப் பிடித்த செருப்பைக் கழற்றிப் போட்டது போல இருந்தது.

"என்னடா இது, உள்ள இப்படிக் காய்ஞ்சு கிடக்கு?" என்று அக்கா கத்தினாள். "அந்த வீட்டுல சோறு போடறாங்களா இல்லையா?"

"போடறாங்க."

"சோத்தைக் கேக்கலடா."

வாலுவுக்கு அந்த வீடு பிடித்துப்போனது. அத்தையோடு சேர்ந்து சக்கரத்துப் பற்களுக்கு மசகு தடவினாள். முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டு வந்து அப்பாவின் சட்டையில் துடைத்தாள். ராட்சசச் சக்கரத்துக்குப் பல் இத்தனை இருக்கிறதே, ஒன்று விழுந்தால் தெரியுமா என்று கேட்டாள். அத்தையின் கத்தலுக்குப் பதிலாகத் தானும் கத்தப் பழகினாள். அவர்கள் இருவரும் பேசினால் ஊரே சண்டை என்று நினைக்கும்.

ஒரு காலையில் பேச்சுக் கம்பியில் மனைவியின் குரல் வந்தது. "காய்ச்சல் விட்டுடுச்சுங்க. அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. வாலுவைக் கூட்டிட்டு வாங்க. வீடு வெறிச்சுன்னு கிடக்கு."

அவர் மகளைப் பார்த்தார். அத்தையின் மடியில் சாய்ந்து, ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு லேசா இருமல்," என்றார். "ரெண்டு நாள் போகட்டும்."

"இருமலா? சரிங்க. வெந்நீர் குடுங்க."

அவ்வளவுதான். அவள் சந்தேகப்படவில்லை. கள்ளக் காசையே பார்த்திராதவள் எந்தக் காசையும் திருப்பிப் பார்க்க மாட்டாள். பொய் நடமாடாத வீட்டில் வளர்ந்தவள் அவள். அவளிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா வாலுவை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உன் பொறாமை எனக்கு நெஞ்சுல வந்து புளிக்குதுடா."

"அக்கா, அவங்களுக்கு ஒரு ஊரே இருக்கு. எனக்கு?"

"நான் இல்லையா?"

"நீ இங்க இருக்கே. நான் அங்க இருக்கேன்."

அக்கா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவளுக்குள் ஓடியது அவருக்கும் கேட்டது. அவளுக்கும் ஆசை இருந்தது. தங்களோடு முடியப்போகிற வம்சத்துக்கு ஒரு குட்டிக் கிளை. தப்பு என்று தெரிந்தும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தார்கள்.

அடுத்த முறை கம்பியில் வந்த குரலில் அவசரம் இருந்தது. "நீங்க வரவேணாம். நானே வரேன். அவளைப் பார்க்காம எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அவர் கம்பியை வைத்துவிட்டு நேரே மூன்றாவது மதகுக்குப் போனார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். பலகை உயர்ந்தது. மேல்மடையில் தேங்கியிருந்த தண்ணீர் சரிந்து இறங்கி, நகரத்திலிருந்து வரும் தரைப்பாலத்தை மூடியது. தொலைவில் ஒரு வண்டி பாலத்தின் முனையில் வந்து நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, திரும்பிப் போனதைப் பார்த்தார். அது அவளுடைய வண்டியாக இருக்கலாம். அக்கா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பயிருக்கும் வீடுகளுக்கும் தவிர வேறு எதற்கும் அந்தக் குடும்பத்தில் யாரும் மதகைத் திறந்ததில்லை.

மதகு மூடப்படாமலே இருந்த அந்த நாட்களில், ஒரு மதியம் வாலுவின் பல் விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். "ரத்தமே வரலப்பா." அவர் அதை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். அவள் தரையில் உட்கார்ந்து பழைய இரும்பு வளையங்களைக் கயிற்றில் கோக்கத் தொடங்கினாள். அவர் பக்கத்தில் மதகுப் பூட்டு ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நடந்தது. வலப்பக்கத்தில் ஒரு சின்னத் துடிப்பு, கதவைத் தட்டத் தயங்குகிற கை போல, முன்னும் பின்னுமாகத் தடுமாறி, பிறகு அவருடைய துடிப்போடு சேர்ந்து விழுந்தது. கையிலிருந்த துணி நழுவியது. இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். மகள் உள்ளே என்னவாக இருக்கிறாள் என்று யாரும் எடுத்துச் சொல்லாமல் அவருக்குத் தெரிந்தது.

அவள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கை வளையம் கோத்தது, வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. உள்ளே மட்டும் பாலத்துக்கு அப்பால், நகரத்தை நோக்கி, அம்மா அம்மா என்று ஒரே இழுப்பு. அது இன்று வந்தது இல்லை. வந்த நாளிலிருந்து இருந்திருக்கிறது. அவள் அத்தையோடு கத்தியபோதும், அவருடைய சட்டையில் மசகைத் துடைத்தபோதும் இருந்திருக்கிறது. அவருக்குத்தான் கேட்கவில்லை.

அடுக்களையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். அங்கே வந்ததும் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"என்னடா பண்ணிட்டோம்," என்றாள். பல வருஷங்களுக்குப் பிறகு முதல் முறையாக மெதுவாகச் சொன்னாள்.

அவர் எழுந்து போய் மதகை மூடினார்.

தண்ணீர் வடிந்ததும் மனைவி வந்தாள். வண்டியிலிருந்து இறங்கி, மகளை வாரி அணைத்துக்கொண்டாள். அணைத்தவள் அப்படியே அசையாமல் நின்றாள். மகளைத் தள்ளி வைத்து முகத்தைப் பார்த்தாள். மறுபடி அணைத்தாள். இருட்டு அறையில் விளக்கைத் தேடுகிறவள் போல அவள் கை மகளுடைய வலது மார்பில் தடவியது.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே," என்றாள். "ஏங்க, இவளுக்கு என்ன ஆச்சு?"

"ஊன்றிடுச்சு," என்றார் அவர். "எதிர்பார்க்கல. பல் சீக்கிரமா..."

வாலு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பொய் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது. உள்ளே கேட்டதை அப்படியே சொன்னாள்.

"அப்பா ரொம்பப் பயப்படறாங்கம்மா. உள்ள கசக்குது அவங்களுக்கு. நீ சிரிச்சாக்கூடக் கசக்குமாம். நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சாலும்."

மனைவி மெதுவாக நிமிர்ந்தாள். இருமல், பாலம், தண்ணீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போவதை அவர் பார்த்தார்.

"பாலத்துல தண்ணி?" என்று கேட்டாள்.

"நான்தான் திறந்தேன்."

அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. "எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள். "கசக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லாமலே தெரியவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையாக இருந்தது.

மலை வீட்டார் கூடி, வாலுவின் பெயரை வாரிசு வரிசையிலிருந்து எடுத்தார்கள். மாப்பிள்ளை இனி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார் மாமியார். குழந்தைக்கு இனிமேல் மதகு வீடுதான். மனைவி அங்கும் இங்குமாக இருந்தாள். வாரத்தில் பாதி நாள் மலை வீட்டில், பாதி நாள் ஆற்றங்கரையில். இங்கே வரும்போது அவள் நிறையப் பேசக் கற்றுக்கொண்டாள். "என்னடி நினைக்கிறே, சொல்லு" என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சில சமயம் தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் எதற்கோ புருவம் உயர்த்துவார்கள். உடனே அவள் கண் இருவர் மேலும் மாறி மாறிப் போகும். அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பொரு காலத்தில் இப்படி ஒரு பார்வையை அவள் முகத்தில் பார்த்திருந்தால் அவருக்கு இனித்திருக்கும்.

மாமியார் விடவில்லை. இன்னொரு பிள்ளை பெற்றுக்கொடு, பல் விழுகிற வரை அது மலை வீட்டிலேயே வளரட்டும், தகப்பன் நிழல்கூட அதன் மேல் படக் கூடாது என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். அந்தச் செய்தியை மனைவியே அவரிடம் சொன்னாள். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"அது என்கூட ஊன்றும். அப்புறம் நானும் அதுவும் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். கூடப்பிறந்ததைப் பார்த்து இவ உள்ள கசந்து போவா." அவள் கத்தியை நிறுத்தவில்லை. "அந்தக் கசப்பு என்ன செய்யும்னு நான் பார்த்துட்டேன்."

அவர் காத்திருந்தார். தன்னைப் பற்றியும் ஒரு சொல் வரும் என்று காத்திருந்தார். அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டு, மகள் என்ன செய்கிறாள் என்று பார்க்க எழுந்து போனாள். அவள் நினைப்பு முழுக்க மகளே இருந்ததில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே, வெட்கமாக இருந்தாலும், அந்தப் பழைய துவர்ப்பும் மெல்ல எட்டிப் பார்த்தது.