காதை முழுதாக மூடுவது

…ஒன்றரை மீட்டர் போதும், அவன் கழுத்து அப்படியொன்றும் தடி இல்லை, இரண்டு சுற்று சுற்றி முழங்காலை முதுகில் கொடுத்து இழுத்தால் தீர்ந்தது, ஒயர் நடுவில் அறுந்து தொலைக்காமல் இருக்க வேண்டும், "துணி சுத்துன ஒயரு தங்கச்சி, லேசுல அறாது" என்கிறார் முஹ்சின் இக்கா, நான் எதை நினைத்து இழுத்துப் பார்த்தேன் என்று தெரியாமல். ஹெட்போன் வாங்க வந்தவள் ஒயரை முறுக்கிக்கொண்டு நிற்கிறேன், அவர் பாவம் தரம் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்… பீர்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவர் கடை, சார்ஜரும் டார்ச்சும் குடையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், வாசலில் ஜீப்காரர்கள் ஆள் சேரும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்கள், சத்தத்தை அடைக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மணி மூன்றே முக்கால். நாலரை பஸ் பிடித்தால் ஐந்தேகாலுக்கு எஸ்டேட் லயத்தில் இருப்பேன். ஐந்தரைக்கு ஃபேக்டரி சங்கு ஊதும், பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் குடித்துவிட்டு வந்து சேர ஆறாகும், ஆறு மணிக்குத்தான் போனில் என் ஜெர்மன் வகுப்பும் ஆரம்பிக்கும். பெண்டாட்டியை அடிக்க நாசமாய்ப் போகிறவனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?

நர்சிங் முடித்து நாலு வருஷமாகிறது, ஜெர்மன் பரீட்சையில் படித்தல் தேறினேன், எழுதுதல் தேறினேன், பேசுதலில்கூட அந்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே எழுபத்தைந்து போட்டாள், கேட்டல் மட்டும் ஐம்பத்து மூன்று, அறுபது வேண்டும். ஏழு மார்க். அங்கே முதியோர் இல்லத்துக்காரர்கள் இந்த மாசக் கடைசி வரைதான் காத்திருப்பார்கள், அடுத்த புதன்கிழமை கொச்சியில் பரீட்சை, இதிலும் கோட்டை விட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. எப்படிக் கேட்கும்? பெர்லினில் ரயில் எந்த மேடையில் வருகிறது என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் சட்டி பறக்கும், தலை சுவரில் மோதும், மோதுகிற தலையின் சத்தமும் மோதுகிற சட்டியின் சத்தமும் வேறு வேறு, எனக்கு இரண்டும் அத்துப்படி. பரீட்சையில் அதைக் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்குவேன். காதுக்குள் செருகுகிற குட்டி இயர்போனை வைத்துப் பார்த்தேன், உள்ளே புண் வந்து சீழ் வைத்ததுதான் மிச்சம்.

எங்கள் லயத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை, நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும், பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும். அடுத்தவன் சண்டைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள், அது வழக்கமில்லை. ஆனால் சுவரைத் தட்டலாம். சுவர் எந்த வீட்டோடு பொதுவோ அந்த வீட்டுக்காரர்தான் தட்ட வேண்டும், உலக்கையால் மூன்று தட்டு, தட்டிவிட்டால் லயம் மொத்தமும் வாசலுக்கு வந்து நிற்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், வெறுமனே நிற்பார்கள், அவன் கையை இறக்கிவிடுவான், எப்பேர்ப்பட்ட குடிகாரனும் இறக்கிவிடுவான். தட்டு விழாமல் யாரும் வெளியே வருவதில்லை, எத்தனை கத்தல் கேட்டாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சுவர்க்காரர்களே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று. ஏசுரத்தினம் வீடு கடைசி வீடு. அந்தப் பக்கம் தேயிலைக் காடு, இந்தப் பக்கம் நான். அம்மா அக்கா பிரசவத்துக்குக் கம்பம் போய் மூன்று வாரம் ஆகிறது, அதனால் அந்த உலக்கை இப்போது என் ஒருத்தி கையில்.

"இது காதுமேல உக்காரும், இது காதையே முழுசா மூடும்" என்று இக்கா இரண்டை எடுத்து வைக்கிறார், "இந்தா, பின்னாடி ஓட்டை ஓட்டையா சல்லடை இருக்குல்ல, அது நமக்கு வேணாம், உள்ள உள்ளது வெளிய போகும், வெளிய உள்ளது உள்ள வரும், பின்னாடி அடைச்சதுதான் வேணும்." சத்தத்தை மிஷினே அடக்கும் என்று விளம்பரத்தில் வருகிறதே, அது? "அது பஸ் இரைச்சல், ஃபேன் இரைச்சலுக்குத்தான் தங்கச்சி, ஒரே மாதிரி ஓடுற சத்தம். திடீர்னு வர்றது, ஆளு கத்துறது, அதுக்கெல்லாம் கேக்காது. வெலை வேற ஜாஸ்தி." ஆள் கத்துவதற்கு என்ன செய்வது இக்கா? "பஞ்சு மொத்தமா இருக்கணும், இறுக்கிப் பிடிக்கணும். தலை கொஞ்சம் வலிக்கும்." வலிக்கட்டும். தலை வலி என்றால் என்னவென்று ஏசுரத்தினம் பெண்டாட்டி யோகப்பிரியா மதினியைக் கேட்டால் சொல்லும், முடியைக் கையில் சுற்றி அடுப்பங்கரையிலிருந்து வாசல்வரை இழுத்தானே போன மாசம், கொத்தாக முடி தரையில் கிடந்தது, நான்தான் மறுநாள் கூட்டி அள்ளினேன். கவாத்துக் கத்தி எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அப்பா வைத்துவிட்டுப் போனது, மாசம் ஒரு தடவை அதைத் தீட்டி வைக்கிறேன், எதற்கு? நான் தேயிலைச் செடியா வெட்டுகிறேன்? அவன் தூங்கும்போது கை மணிக்கட்டில் வைத்து ஒரே இழுப்பு, எந்த நரம்பு என்று நான் படித்திருக்கிறேன், தப்பாது… போலீஸுக்குப் போகலாம் என்றால் மதினி காலைப் பிடித்துக்கொள்கிறது, "வேலை அவரு பேர்ல மௌனி, வேலை போனா வீடு போயிரும், பிள்ளைகள இழுத்துக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்." கத்தியைத் தீட்டி என்ன பிரயோஜனம்?

வியாழக்கிழமை மாதிரிப் பரீட்சை. கூட நர்சிங் படித்த நிமி தன் ஹெட்போனைக் கொடுத்திருந்தாள், கறுப்பு, ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு, சல்லிசாக வாங்கினது என்றாள். ஆறு இருபதுக்கு மூன்றாவது பகுதி, ஒரே தடவைதான் ஓடும், நிறுத்தவும் முடியாது, டீச்சர் திரையில் எங்கள் பன்னிரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு கேள்வி. ஏழும் சரி. அறுபத்தெட்டு மார்க் என்று டீச்சர் சொன்னதும் நான் சிரித்திருக்கிறேன், ஹெட்போனைக் கழற்றும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில்தான் இருந்தது, அப்போது அங்கே ஒரு சத்தமும் இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து போனேன். மதினி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது, இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியிருந்தது, மேல் உதடு பல்லில் கிழிந்து தொங்கியது, சின்னவள் மூலையில் சுருண்டு தன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள், அவன் கட்டிலில் குறட்டை. குறட்டை விட்டான், பாவி. நானே துடைத்தேன், நானே பஞ்சு வைத்தேன், செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே சொன்னார், திரும்பக் கேட்குமா கேட்காதா என்று இப்போது சொல்ல முடியாதாம். ஜீப்பில் கூட்டிப் போகும்போது மதினியிடம் சொன்னேன், கேக்கல மதினி, காதுல மாட்டியிருந்தேன், சத்தியமா கேக்கல. "அதான் நானும் நெனச்சேன்" என்றது, "கேட்டிருந்தா நீ தட்டாம இருப்பியா" என்றது. பிறகு நான் அடுத்துச் சொல்வதைக் கேட்க முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டியது.

பெரியதை மாட்டிப் பார்க்கிறேன், காதை முழுதாக மூடுவது, ரெக்சின் பஞ்சு மொத்தம், மடக்கிப் பைக்குள் வைக்கலாம், மடக்குகிற இடத்தில் பிளாஸ்டிக்தான், விழுந்தால் உடையும், பரவாயில்லை. ஜீப் ஹார்ன் எங்கோ அடுத்த மலைக்குப் போய்விட்டது, இக்காவின் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை, பாடத்தில் ஒரு பொம்பளை வாடகை வீட்டைப் பற்றிச் சொல்வது எழுத்து எழுத்தாக விழுகிறது. புதன்கிழமைவரை தினமும் ஆறு மணிக்கு இதற்குள் இருந்தால் அறுபது இல்லை, எண்பது வரும். அப்புறம் சுவர்? யார் தட்டுவார்கள்? இதை வாங்குவதா வேண்டாமா என்பதைத்தானே ஒரு மணி நேரமாக இங்கே நின்று யோசிக்கிறேன், வாங்கினால் நான் ஜெர்மனி போய்ச் சேருவேன், மதினி போய்ச் சேராமல் இருக்க வேண்டும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் என்ன? ஒரு பக்கம் பெர்லினும் ஒரு பக்கம் அவனும்… அப்படிப் படித்துத்தானே ஐம்பத்து மூன்று வாங்கினேன். கழற்றி வைக்கும்போது பெட்டிக்குள் அதைப் பார்த்தேன், கறுப்பு, ஆரஞ்சுக் கோடு. நிமியுடையது மாதிரியே. அதையும் எடுங்க இக்கா.

"அது வேணாம் தங்கச்சி, சின்னப் பிள்ளைக பாட்டுக் கேக்குறது" என்றார், ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். மாட்டினேன். வியாழக்கிழமை வைத்த அதே அளவுக்குச் சத்தம் வைத்தேன், அதற்கு மேல் வைத்தால் காது கூசும். அதே வாடகை வீட்டுப் பொம்பளை. நான் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், பின்னால் இக்கா ஜீப்காரர் யாரிடமோ பேசுகிறார், "காலைல அம்பத்தஞ்சாம் மைல்ல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, இப்ப அள்ளிட்டாங்க" என்று, சாதாரணமாக, கத்தாமல், வண்டி இரைச்சலுக்கு நடுவில். முழுசாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுச்சா? அதான் சொன்னேன், இது எதையும் அடைக்காது."

அடைக்காது. அடைக்கவே இல்லை. பத்தடி தள்ளிப் பேசுகிறவர் குரல் வருகிறது, இரண்டு முழம் திறந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை அலறினால் வராமலா இருக்கும், இதைத் தெரிந்துகொள்ள பீர்மேடுவரை வர வேண்டுமா நான்? வியாழக்கிழமை மதினி மௌனீ என்றுதான் கூப்பிட்டது. சட்டிச் சத்தம் இல்லை, தலைச் சத்தம் இல்லை, என் பெயர். இரண்டு தடவை. இரண்டாவது தடவை பாதியில் நின்றது, மௌ என்பதோடு, அது ஐந்தாவது கேள்வி ஓடும்போது, எத்தனை நாள் லீவு என்று கேட்டிருந்தார்கள், பதினான்கு என்று குறித்தேன், சரியான விடை. உலக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் விரல் உலக்கைக்குப் போகவில்லை, சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானுக்குப் போனது, இரண்டு தடவை அழுத்தினேன், ஒவ்வொரு தடவை கூப்பிட்டதற்கும் ஒன்று. கோபம் வந்தது, ஆமாம், கண் சிவக்கிற கோபம், அதுவும் அவன்மேல் இல்லை. பத்து நிமிஷம் பொறுக்க முடியாதா உனக்கு, இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு அடி வாங்கினால் செத்தா போய்விடுவாய், தொலையேன்… இந்த வார்த்தைதான், தமிழில்தான் நினைத்தேன். ஒயரும் கத்தியும் எடுத்துக்கொண்டு இத்தனை நாளாக யாரைத் துரத்துகிறேன் நான்?

"எதைக் கட்டட்டும் தங்கச்சி, பஸ்ஸு வர்ற நேரமாச்சு." பர்ஸை எடுத்தேன். பெரியதைக் காட்டினேன். இக்கா அதைப் பையில் போடும்போது, இதைப் போட்டுக்கொண்டு கேக்கல மதினி என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.