உறைநாட்டில் ஞாயிற்றுக்கிழமை

உறைநாட்டைப் படைத்தது நான்தான். இதில் அடக்கம் காட்ட எனக்குத் தெரியாது. நெய்யூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. ஃப்ரிட்ஜில் உறைந்ததைத் தவிர வேறு பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நாலு வருஷம் உட்கார்ந்து, பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் துணிச்சாயத்தால் ஒரு பனிநாட்டையே வரைந்து முடித்தேன்.

அது நாலு பேர்வரை உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. உறைநாட்டில் இரண்டு மக்கள். மலையில் இருப்பவர்கள் குடைவர். அவர்களுக்குக் காய் புளியங்கொட்டை. உறைந்த கடலின்மேல் குடிசை போட்டு வாழ்பவர்கள் பனிக்கடலார். அவர்களுக்கு இருபது வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். கடலுக்கு அடியில் கனல்கல் என்றொரு கல் கிடைக்கிறது, தானாகவே எரியும் கல். சுரங்கம் குடைவருடையது. ஆனால் பனி எங்கே விரிசல்விடும் என்று காதால் கேட்டுச் சொல்லப் பனிக்கடலார் கூடவே இறங்கவேண்டும். மேலே வரும் கல்லால் குடைவர் உலை மூட்டுவார்கள். பன்னிரண்டு உலை எரிந்தால் அவர்களுக்கு வெற்றி, எல்லா உலையும் அணைந்தால் தோல்வி. பனிக்கடலாருக்குக் கூலி ஒரேயொரு கல். அதை வைத்துத்தான் அவர்கள் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கவேண்டும். ஒரு சுற்றில் கல் மேலே வரவில்லையென்றால் பட்டினியில் ஒரு பொத்தான் சாகும், குடைவருக்கு இரண்டு உலை அணையும். குடைவர் நினைத்தால் சண்டைபோட்டுப் பொத்தான்களைச் சாய்த்து, கல்லைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் விளையாட்டுப் பெட்டி போடும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். அங்கே தேர்வு செய்கிறவள் அஞ்சு என்ற பெண், நம்ம நாகர்கோவில்காரிதான். ஊர்ப்பாசமெல்லாம் காட்டவில்லை. 'சுரங்கம் கையில் கிடைத்தவர் மூன்றாவது சுற்றில் சண்டைபோட்டு ஜெயித்துவிடுகிறார். மற்றவர் வேடிக்கை பார்க்கிறார். பலவீனமான பக்கத்துக்கு ஓர் ஆயுதம் கொடுங்கள். ஜூலையில் ஊருக்கு வரும்போது இன்னொரு முறை பார்க்கிறேன். அதுதான் கடைசி' என்று எழுதியிருந்தாள்.

படித்ததும் கோபத்தில் போனை மெத்தையில் எறிந்தேன். உடையக்கூடாது என்றுதான் மெத்தையில்.

என்னோடு படித்த சுதன், தேரூரில் வயலும் வரப்புமாக வளர்ந்தவன், எனக்குச் சீட்டுகள் வரைந்து தருகிறவன். இரண்டுபேரும் சேர்ந்து பனிக்கடலாருக்கு ஈட்டி கொடுத்தோம், கரடி கொடுத்தோம், விஷமீன்கூடக் கொடுத்தோம். எது கொடுத்தாலும் நாலு நாளில் சுதன் குடைவர் பக்கம் உட்கார்ந்து என்னைத் துவைத்து எடுத்தான்.

"ஏட்டி, உனக்க ஆளுவளுக்குப் பீரங்கி குடுத்தாலும் தேறாது" என்றான்.

லேபில் என்னோடு வேலைசெய்யும் பூங்கனி அக்காவுக்கு என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவர்கள் வீடு கடியப்பட்டணத்தில். கணவர் சிலுவைதாசன் அண்ணன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலமாதலால் வீட்டில் சும்மா இருந்தார். "இந்த மனுஷனையும் சேத்து வெளையாடுங்க, எனக்காவது கொஞ்சம் நிம்மதி கெடைக்கும்" என்று அக்கா என்னையும் சுதனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

சிலுவைதாசன் அண்ணன் பனிக்கடலார் பக்கம் உட்கார்ந்தார். ஈட்டிச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சுற்றுக்குச் சுற்று ஒழுங்காகத் தன் பொத்தான்களைச் சுரங்கத்தில் இறக்கினார். ஆள் புதுசு என்று சுதனும் சண்டையைத் தள்ளிப்போட்டான். ஆறு சுற்றில் பதினோரு உலை எரிந்தது. இன்னும் ஒன்று மூட்டினால் கதை முடிந்தது.

ஏழாவது சுற்றில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, உங்க முறை. ஆளை எறக்குங்க."

"எறக்க ஒக்காது மக்கா. ஆறு நாளு போயாச்சு. இண்ணைக்கு ஞாயிறுல்லா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கான ஓய்வுநாள், ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. கடலில் மீன் பொங்கிக் கிடந்தாலும் இறங்காது. அந்தக் கணக்கை அவர் கேட்காமலே என் நாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

"எனக்க நாட்டுல ஞாயிறெல்லாம் கெடையாது" என்று கத்தினேன்.

"ஞாயிறு கெடையாத நாட்டுல மனுசன் எதுக்குக் கெடக்கான்?" என்றார் அவர், நிதானமாக.

கல் வரவில்லை. சட்டப்படி சுதனுக்கு இரண்டு உலை அணைந்தது. அண்ணனுக்கும் ஒரு பொத்தான் செத்தது. அதை எடுத்துப் பிஸ்கட் டப்பாவின் மூடியில் வைத்தார். சுதனின் முகம் போன போக்கை நான் அப்போதுதான் பார்த்தேன். நாலு வருஷத்தில் குடைவர் பக்கம் உட்கார்ந்த யாரும் அப்படி வெளிறியதில்லை.

ஆளை இறக்கியே தீரவேண்டும் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இறக்காமல் ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரடிவரைக்கும் யோசித்த மண்டைக்கு இது எட்டவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றைக்கே ஈட்டியையும் கரடியையும் விஷமீனையும் கிழித்துப்போட்டேன். தான் வரைந்ததாயிற்றே என்று சுதன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜூலையில், அஞ்சு குறித்துச் சொன்ன சனிக்கிழமை காலையில் அவள் பூங்கனி அக்கா வீட்டுக்கே வந்தாள். ஒரு மணி நேரம்தான் இருப்பாளாம், வெளியே கார் நின்றது. கம்பெனி வழக்கப்படி ஆட்டத்தை உண்டாக்கியவர் ஆடவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. என்னை வாயை மூடச் சொல்வதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் நாலு வருஷமும் சிலுவைதாசன் அண்ணன் கையில் இருந்தது.

அஞ்சு குடைவர் பக்கம் எடுத்தாள். எடுத்த எடுப்பில் உலையாக மூட்டினாள். மூன்றாவது சுற்றில் சண்டையைத் தொடங்கி ஏழு பொத்தான்களைச் சாய்த்தாள். அடுத்த இரண்டு சுற்றில் பத்து உலை. மறுபடி அதே கதை என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் அந்த ஏழையும் பிஸ்கட் டப்பா மூடியில் வரிசையாக வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"இனி எனக்க ஆளுவ எறங்க மாட்டினும்."

அஞ்சு சிரித்தாள். "அப்போ உங்க ஆளுதான் பட்டினியில சாகும்."

"சாகட்டு."

எட்டு உலை. ஒரு பொத்தான் போயிற்று. ஆறு உலை. இன்னொன்று போயிற்று. அஞ்சு தன் புளியங்கொட்டைகளைத் தனியாகச் சுரங்கத்தில் இறக்கிப் பார்த்தாள். காதால் கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் பனி விரிசல்விட்டு மூன்று போயின. நாலு உலை. அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன? ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று இறக்கினால் என்ன? பூங்கனி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நான் எழுந்துவிடுவேன் என்ற பயத்தில்.

இரண்டு உலை. அவரிடம் ஒன்பது பொத்தான். அடுத்த சுற்றிலும் கல் இல்லையென்றால் குடைவர் நாடு அவ்வளவுதான்.

அஞ்சு வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்க்காரர் இரண்டுமுறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. பிறகு அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சரி. உங்களுக்கு என்னதான் வேணும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை பேரை உட்காரவைத்து ஆடியிருப்பேன்! குடைவர் பக்கம் இருந்துகொண்டு எதிரில் இருப்பவனிடம் ஒருவரும் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அண்ணன் பிஸ்கட் டப்பா மூடியை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுவளுக்குப் பங்கு வேணும்."

"செத்துப்போனதுக்கா?"

"செத்தவனுக்க வீட்டுக்கு. புயல்ல எங்க போட்டுல ரெண்டு பேரு திரும்பி வரல்ல. இப்பளும் கரையேறுனா அவனுவளுக்க பங்கு தனியா வீட்டுக்குப் போவும். அது போவல்லேண்ணா எவனும் போட்டுல காலு வைக்க மாட்டான் பிள்ளே."

பூங்கனி அக்கா என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இருவரில் ஒருவர் அவளுடைய தம்பி.

அஞ்சு என்னிடம் திரும்பினாள். "ஜெஸ்மி, ரூல்ல இது இருக்கா?"

"இல்ல" என்றேன். "இனிமே இருக்கும்."

அஞ்சு மூடியில் இருந்த பொத்தான்களை விரலால் தொட்டு எண்ணினாள். ஏழும் நாலும் பதினொன்று. "மேலே வர்ற முதல் பதினோரு கல்லும் இவங்களுக்கு" என்றாள். அண்ணன் கைக்கட்டை அவிழ்த்தார். ஒன்பது பொத்தான்களும் சுரங்கத்தில் இறங்கின.

சுற்றுக்கு மூன்று கல் வீதம் வந்தது. வரவர அவள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு பொத்தான் பக்கத்திலும் வைத்தாள். இடையில் கார்க்காரருக்குப் போன்போட்டு, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாள். பதினொன்றாவது கல்லையும் வைத்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"இந்த ஆட்டத்தை நாங்க எடுத்துக்கிடுறோம்" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதேன். ஏதோ ஆகிவிட்டது என்று சுதன் தண்ணீர் எடுக்க ஓடினான். சிலுவைதாசன் அண்ணன் மட்டும் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் பொறவு பேசுங்க பிள்ளே" என்றார். "ஆட்டம் இன்னும் முடியல்ல. உனக்க முறையாக்கும்."