குளிப்பாட்டுகிறவளின் கைகள்

இறந்தவர்களைச் சுற்றும் கபன் துணியைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். அக்ஜெமால் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்து இழுத்தாள். துணி கிழிபடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது போலிருந்தது. கை தானாக நின்றுவிட்டது. தெருவில் பேச்சுக் குரல் எதுவும் இல்லை. மறுபடி இழுத்தாள், இந்த முறை மெதுவாக, இழை இழையாக.

பக்கத்து அறையில் சோனா கிடந்தாள். கணவனின் அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவள். விடிவதற்குள் ஆஸ்பத்திரி வண்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இறக்கியதும் வண்டிக்காரன் பையை உருவிச் சுருட்டித் தன்னோடு எடுத்துக்கொண்டான். "பையில வந்தாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. இதயம் நின்னுபோச்சு, அவ்வளவுதான்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

இரண்டு வாரமாக சோனா தன் வகுப்புப் பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றாள். எரிவாயு வாங்கும் தேசத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்களுக்குக் கொடியசைத்துப் பாட்டுப் பாட வேண்டும். நெருக்கி நெருக்கி நின்று, காலையும் மாலையும் ஒத்திகை. பிள்ளைகள் இருமினார்கள். பிறகு சோனா இருமினாள். விருந்தாளிகள் இன்றைக்குத்தான் வருகிறார்கள்.

போன் அடித்தது. கணவன் மெர்தான்.

"அக்காவுக்கு..." என்று தொடங்கினான்.

"இதயம்" என்றாள் அக்ஜெமால்.

"ஆமா. இதயம்."

போன் கம்பியில் மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்பது போல அவளுக்கு எப்போதும் தோன்றும். இன்றும் தோன்றியது. மெர்தான் எரிவாயு நிலையத்தில் வேலை செய்கிறான். விருந்தாளிகளுக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாதென்று அங்கிருக்கும் எல்லோரையும் மூன்று வாரமாக வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தார்கள். நாட்டில் அந்த நோய் கிடையாது. வானொலி தினமும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் அடைத்து வைத்திருந்தார்கள்.

"என்னை விட மாட்டேங்குறாங்க. கேட்டுப் பாத்தேன்."

"தெரியும்."

"யாரு குளிப்பாட்டுறாங்க? துர்சுன் அத்தையா?"

"ஆமா. இப்ப வந்துடுவாங்க."

"அவங்க பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானா?" என்றான் மெர்தான்.

"போன வாரம்தான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு."

"ம். மாவு டப்பால மாவு இருக்கா?"

அவள் கண் சமையலறைப் பக்கம் போனது. "இருக்கு" என்றாள்.

அவன் வைத்துவிட்டான்.

மாவு டப்பாவின் அடியில், மாவுக்குள் புதைத்து, நீல ரப்பர் கையுறைகள் நாலைந்து ஜோடி இருந்தன. வசந்த காலத்தில் மெர்தான் ரொட்டிப் பையில் மறைத்துக் கொண்டுவந்தான். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவன் சாப்பாட்டுக்கூடத்தில் மேசைக்கு அடியில் கொடுத்ததாம். எதற்கென்று கேட்டதற்கு, மார்பில் கையை வைத்து மூச்சுத் திணறுவது போலக் காட்டினானாம். அவன் ஊர்க்காரர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடுதான் நடமாடுவார்கள். உள்ளூர்த் தொழிலாளிகள் வெறும் மூக்கோடு.

அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஹெம்ரா. இருமல் மருந்து வாங்க வந்தவளிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று பாதி இறக்கியிருந்த கடைக் கதவு இன்னும் பாதியிலேயே நிற்கிறது, அவரைத்தான் காணோம்.

துர்சுன் அத்தையிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் துர்சுன் அத்தையின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவள் மகன் நகரத் தலைவரின் காரை ஓட்டுகிறவன். அத்தையிடம் சொன்னால் மருமகளுக்குத் தெரியும், மருமகளிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து காருக்குள். பிறகு மெர்தான் அந்த நிலையத்திலிருந்து வேறு எங்கேயோ போவான். சொல்லாவிட்டால், அத்தை வெறும் கையால் சோனாவைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்குவாள்.

குளிப்பாட்டுகிறவள் கையில் மாட்டிக்கொள்ள கபன் துணியிலேயே உறை தைப்பது வழக்கம். விரல் இல்லாத சின்னப் பை, முடிச்சுப் போடாத நூலில் தைக்க வேண்டும். அக்ஜெமால் துணியை இரண்டாக மடித்தாள். கையுறையில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். அதைப் பைக்குள் நுழைத்து, வாய்ப்பக்கத்தைத் துணியின் விளிம்புக்குள் மடக்கிப் பொதிந்து, சின்னச் சின்னத் தையலாகப் போட்டாள். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. வெள்ளைத் துணியில் ரத்தம் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது உறையின் கடைசித் தையலைப் போடும்போது வாசலில் குல்ஷாத் நின்றிருந்தாள்.

நகர அலுவலகம் இந்தத் தெருவுக்கென்று வைத்திருக்கும் பெண். யார் வீட்டில் யார் வந்தார்கள், எதற்கு என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள்.

"தூசி" என்றாள், அக்ஜெமால் பார்ப்பதைக் கண்டு. வெளியே ஓர் இலை அசையவில்லை. "என்ன தைக்கிற, தங்கச்சி?"

"கை உறை."

"நல்லது." அவள் உள்ளே வரவில்லை. "எல்லாம் முறைப்படி நடக்கட்டும்."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நாள் சூடா இருக்கு. தண்ணி ஊத்தாம, மண்ணைத் தடவி அடக்கம் பண்ணிட்டா என்ன? மார்க்கத்துல அதுக்கும் இடம் இருக்குல்ல?"

குல்ஷாத்தின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே சிறுத்தன. "இதயம் நின்னு போனவளை எதுக்குக் கழுவாம புதைக்கணும்? ஊர் என்ன பேசும்? அப்புறம் அந்தப் பேச்சை யாரு ஆரம்பிச்சு வெச்சதுன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அக்ஜெமால் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"விருந்தாளிங்க வண்டி போற வரைக்கும் ஒப்பாரி வேண்டாம். சந்தூக்குப் பெட்டி நெடுஞ்சாலைப் பக்கம் வரக் கூடாது, வாய்க்கால் வழியா எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சோனா என் மகளுக்கும் டீச்சர்தான்" என்றாள். சொன்னது தவறோ என்பது போலச் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துர்சுன் அத்தைக்கு முன்னால் அவளுடைய மூச்சிழுப்பு வந்தது. படியேறும்போதே நெஞ்சு கீச்சிட்டது. இடுப்பில் தன்னுடைய செம்புக் கூஜா.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் இதயம்தான் போகுது" என்றாள் குல்ஷாத்தைப் பார்க்காமலேயே. "முன்னாடியெல்லாம் ஒருத்தனுக்கு ஈரல், ஒருத்திக்கு சிறுநீரகம்னு கொஞ்சம் மாறி மாறி வரும். இப்ப வேற உறுப்பே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"அத்தை!" என்றாள் குல்ஷாத்.

"என்னடி அத்தை? இருக்கிறதைத்தானே சொன்னேன். காகிதத்துல போட்டிருக்கறதைத்தானே சொன்னேன்." மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைக் கழுத்தில் செருகிக்கொண்டாள். "இதைப் போட்டா எனக்கு மூச்சே வர மாட்டேங்குது. தண்ணி சுட்டுச்சா? உறை எங்க?"

அக்ஜெமால் உறைகளை நீட்டினாள். இரண்டு கையாலும் பிடித்து, மரியாதைக்குக் கொடுப்பது போல நீட்டினாள்.

சோனாவைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். கண் முழுதாக மூடவில்லை. ஒத்திகையில் வெயிலில் நின்று நின்று மூக்கு நுனி மட்டும் கறுத்திருந்தது. அக்ஜெமால் கூஜாவில் வெந்நீர் மொண்டாள். குல்ஷாத் வாசலில், கதவுக்கு அந்தப் பக்கம்.

துர்சுன் அத்தை வலது கையை உறைக்குள் விட்டாள்.

விட்ட கை பாதியில் நின்றது. உள்ளே விரல்கள் வழி தேடுவது துணிக்கு மேலேயே தெரிந்தது. ஒவ்வொரு விரலாக உள்ளே போனது. அத்தை நிமிர்ந்து அக்ஜெமாலைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் கண்ட கண்ணில்லை அது. அதில் பேச்சே இல்லை.

அக்ஜெமால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அத்தை கேட்பாள். இது என்னடி உள்ளே என்று, எல்லாவற்றையும் கேட்பது போல, தெருவுக்கே கேட்கும்படி.

அத்தை இடது கையையும் விட்டுக்கொண்டாள். "ஊத்து" என்றாள்.

தண்ணீர் விழுந்தது. தலை, வலது தோள், பிறகு இடது. அத்தையின் உதடுகள் ஓதிக்கொண்டேயிருந்தன, சத்தம் வெளியே வரவில்லை. துணி நனைந்தது. நனைய நனைய வெள்ளை மெலிந்து, அடியிலிருந்து நீலம் தெரிய ஆரம்பித்தது. முதலில் விரல் கணுக்களில், பிறகு புறங்கை முழுக்க. இரண்டு மடிப்புத் துணியும் போதவில்லை. கதவில் ஒரு செருப்பு நகரும் சத்தம்.

"என்ன, நேரமாகுதா?" என்று குல்ஷாத் தலையை நீட்டினாள்.

துர்சுன் அத்தை அசையாமல் தன் அகன்ற முதுகை வாசலுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். கைகளைச் சோனாவின் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"வெக்கம் கெட்டவளே! குளிப்பாட்டுறவளும் தண்ணி ஊத்துறவளும் தவிர வேற கண்ணு படலாமா? உன்னை இப்படி அம்மணமாக் கிடத்தி நாலு பேர் எட்டிப் பாத்தா உனக்கு எப்படி இருக்கும்? உன்னையும் நான்தான்டி கழுவப் போறேன், ஞாபகம் வெச்சுக்க. போ வெளியே!"

செருப்புச் சத்தம் விலகியது. முற்றம் தாண்டி, வாசல் படி தாண்டி.

அத்தை மூச்சு வாங்கினாள். சட்டைக் கழுத்திலிருந்த மாஸ்க்கைப் பல்லால் இழுத்து, முழங்கையால் முகத்தில் தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அக்ஜெமால் கூஜாவை வைத்துவிட்டு, அவள் காதுகளில் அதை மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அத்தை அவசரப்படவேயில்லை. விரல் இடுக்குகளையும் காது மடல்களின் பின்புறத்தையும் தேய்த்தாள். சாக்குக்கட்டித் தூள் படிந்திருந்த சோனாவின் நகக்கண்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து சைரன் கேட்டது. அதற்குப் பின்னால் பிள்ளைகளின் குரல், அந்நிய மொழியில், நல்வரவுப் பாட்டு. சோனா சொல்லிக்கொடுத்தது. சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே அதைப் பாடிப் பாடிப் பழகினாள். இரண்டாவது அடியில் அவளுக்கு எப்போதும் தவறும். பிள்ளைகளும் அதே இடத்தில் தவறினார்கள்.

கழுவிய தண்ணீர் யார் காலும் படாதிருக்கத் தோட்டத்து மூலையில் குழி எடுத்திருந்தார்கள். உறைகளையும் அதில்தான் போட வேண்டும். அத்தை அவற்றை உள்வெளியாக உருவினாள். நீலம் மேலே வந்தது. மிதந்த கையுறையில் காற்றுப் புகுந்து, ஐந்து விரலும் விரிந்து நின்றது. அக்ஜெமால் மண்வெட்டியால் அவசரமாக மண்ணைத் தள்ளினாள். விரல்கள் கடைசியாகத்தான் மூடின.

ஆண்கள் சந்தூக்கை வாய்க்கால் வழியாக எடுத்துப் போனார்கள். வண்டிகளின் சத்தம் அடங்கியது. குல்ஷாத் முற்றத்துக்கு வந்து, "இப்ப அழலாம்" என்றாள்.

கூடியிருந்த பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அக்ஜெமாலுக்கு வரவில்லை. வழக்கப்படி குளிப்பாட்டியவளுக்குக் கொடுக்க, சோனாவின் நல்ல உடுப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். விருந்தாளிகளுக்காகத் தைத்த சிவப்பு உடுப்பு, நேற்று முன்தினம்தான் தையற்காரியிடமிருந்து வந்தது. துர்சுன் அத்தை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

"வெயில்ல போட்டு வை" என்றாள் உடுப்பைத் தொடாமல். "அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

"அத்தை..."

"பேசாதடி."

இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் ஒப்பாரி எழுந்தது. இங்கே அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்தி, யார் என்று காது கொடுத்துவிட்டு, மறுபடி தொடர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து படியில் நின்றாள். துர்சுன் அத்தையைத் தேடித்தான்.

"வர்றேன், வர்றேன். தண்ணி சுட வைக்கச் சொல்லு. உறையெல்லாம் நீங்க தைக்க வேண்டாம், நானே கொண்டு வர்றேன்." அத்தை கூஜாவைக் கவிழ்த்து உதறினாள். குல்ஷாத் முற்றத்து நடுவில் நின்று இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"கபன் துணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு, அத்தை."

"உன் தையல் எனக்குத் தோதா இருக்கு. இன்னும் ஒரு ஜோடி போடு."

இரண்டு மாஸ்க்குக்கு மேலே குல்ஷாத்தின் கண்கள் மட்டும் அக்ஜெமாலின் கைகளில் இருந்தன.

அக்ஜெமால் உள்ளே போனாள். மாவு டப்பாவின் மூடியைத் திறந்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நூலை நாக்கில் நனைத்து ஊசியின் காதைத் தேடினாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. மணிக்கட்டு வரை ஒட்டியிருந்த மாவோடு, மறுபடியும் நூல் நுனியை வாயில் வைத்தாள்.