கால் காட்டும் வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து நிமிடத்திலேயே அவனுக்கு ராக்கெட் என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் அண்ணன்தான். சாலையோரம் சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் கான்ட்ராக்ட் அவருடையது. ஆறு ஆட்கள், ஒரு லாரி, சங்கிலி ஓடி மரம் அறுக்கிற மிஷின் மூன்று.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பெரிய மரக்கம்பெனியில் மிஷின் பிடித்தவன் அவன். அங்கே கவசம் இல்லாமல் மிஷினைத் தொட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கம்பெனி மூடியபோது அந்தப் பழக்கமும் தன் கைக்காசில் வாங்கிய சாமான்களும்தான் அவனோடு வந்தன. கம்பிவலை வைத்த ஹெல்மெட், காதுமூடி, கையுறை, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், அப்புறம் அந்தப் பேன்ட். தொடைப்பக்கம் மெத்தை மாதிரி தடித்திருக்கும். சங்கிலி பட்டால் உள்ளேயிருக்கும் நார் பிய்ந்து வந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், மிஷின் அப்படியே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னாலிருந்து அவன் வந்ததும் மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, நிலாவுக்கா கிளம்பிட்டீங்க? சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்போமே."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். புது இடம், அதிலும் மச்சான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

மறுநாளிலிருந்து அவன் மிஷினின் கயிற்றை இழுக்கப் போகும்போதெல்லாம் பத்து, ஒன்பது, எட்டு என்று கூட்டமாக எண்ண ஆரம்பித்தார்கள். கட்டை ஏற்றுகிற ஆள்தான் எப்போதும் முதலில் தொடங்குவான். காதுமூடியைப் போட்டுக்கொண்டால் எதுவும் கேட்காது. வாய்கள் அசைவது மட்டும் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து தெரியும். அவன் அதைப் பார்க்காமல் சங்கிலியை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டான்.

நான்காவது மாதம், ஒரு சூறைக்காற்றுக்கு மறுநாள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவன் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் லாரி போயிருந்தது. அவனுடைய பையும் அதில்தான் இருந்தது.

"என் பை எங்கே மச்சான்?"

"அதுவா, குப்பைக்கிடங்குக்கு டூர் போயிருக்கு. சாயங்காலம் வரும்." மச்சான் கண்ணடித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

"பேன்ட் இல்லாம நான் மிஷின் தொட மாட்டேன். லாரி வரட்டும்."

"மூணு மணி நேரமா? ரோட்டைப் பாத்தீங்களா?" மச்சான் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "சரி, வீட்டுக்குப் போங்க. பேன்ட் இல்லேன்னு ஓடி வந்துட்டேன்னு என் தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. சோறு போட அவளுக்கு ஒரு ஆம்பளை வேணும்ல? நான் பாத்துக்கறேன்."

அவன் மிஷினைக் கையில் எடுத்தான். பத்து, ஒன்பது என்று எண்ணினார்கள். இன்றைக்குக் காதுமூடி இல்லாததால் ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது.

முதல் இரண்டு கிளைகள் ஒழுங்காகத்தான் விழுந்தன. மூன்றாவது கிளை உள்ளே உளுத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பாதி அறுப்பதற்குள் சடக்கென்று விட்டுவிட்டது. தடுக்க ஒன்றுமில்லாமல் மிஷின் அதே வேகத்தில் கீழே இறங்கி, இடது முட்டிக்கு மேலே பாய்ந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. சுடச்சுட வெந்நீர் ஊற்றியது போலிருந்தது, அவ்வளவுதான். எண்ணியவர்களில் ஒருவன் வாந்தியெடுத்தான். மச்சான்தான் பெல்ட்டைக் கழற்றித் தொடையை இறுக்கிக் கட்டினார். உயிர் பிழைத்ததற்கு அந்த பெல்ட்தான் காரணம் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, "பாதுகாப்பா எதுவும் போடலையா?" என்று கேட்டார்.

"எவ்வளவோ சொன்னேன் டாக்டர்," என்றார் மச்சான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "வேர்க்குதுன்னு கழட்டி வீசிட்டாரு."

அவன் நினைவோடுதான் படுத்திருந்தான். வாயைத் திறந்தான். மூக்கிலும் வாயிலும் குழாயை மாட்டிவிட்டார்கள்.

கால் தப்பித்தது. ஆனால் சதையும் நரம்பும் அறுந்துபோனதால் முட்டி சொன்ன பேச்சைக் கேட்காது என்றார்கள். ஊன்றினால் மடங்கிவிடும். இனி மிஷின் பிடிக்கிற பேச்சே இல்லை.

விசாரணைக்கு நெடுஞ்சாலை ஆபீஸிலிருந்து ஆள் வருவதற்கு முதல் நாள், மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"தெரியும்," என்றாள் அவள். "கட்டை ஏத்தறவரு பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அண்ணன் விளையாட்டுக்குத்தானே பண்ணாரு. அவரு லைசென்ஸ் போச்சுன்னா நமக்கு யாரு இருக்கா? நீங்களா சம்பாதிக்கப் போறீங்க?" உருண்டையை அவன் வாயருகே நீட்டினாள். "வேர்த்துது, கழட்டிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நல்லா மென்னு சாப்பிடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை முடிந்ததும், எல்லாக் கான்ட்ராக்ட்காரர்களும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. மச்சானுக்கு உடனே யோசனை உதித்துவிட்டது. ஒரு கொட்டகைக்கு வாடகை பேசினார். பெஞ்சுகள் போட்டார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"உக்காந்த இடத்துல சம்பளம் மாப்பிள்ளை. யாருக்குக் கிடைக்கும்? பேன்ட்டைச் சுருட்டி விட்டு, வேர்க்குதுன்னு கழட்டினேன், இப்படி ஆயிட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

முதல் வாரம் அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். பதினோரு வருஷம் எல்லாம் மாட்டிக்கொண்டு அறுத்தவர் என்று மச்சான் ஒரு குச்சியால் தழும்பைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். மற்ற கான்ட்ராக்ட்காரர்களும் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். மச்சானை எல்லாரும் சார் என்றார்கள்.

இரண்டாம் வாரம், கடைசி பெஞ்சில் ஒரு நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண் எடுக்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கேட்டார்.

"பதினோரு வருஷம் போட்டவருன்னு சொல்றீங்க. அன்னைக்கு மட்டும் ஏங்க போடல?"

இத்தனை நாளில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"நான் கழட்டலைங்க," என்றான். "இதோ நிக்கிறாரே என் மச்சான், இவருதான் என் பேன்ட்டை லாரியில ஏத்தி அனுப்பினாரு. விளையாட்டுக்கு. இல்லாம அறுக்க மாட்டேன்னு சொன்னேன். ஆம்பளையான்னு கேட்டாரு."

மச்சான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடகடவென்று சிரித்தார்.

"பாத்தீங்களா? கால் போனாலும் எங்க மாப்பிள்ளைக்குக் குசும்பு போகலை. தப்பு பூராவும் மச்சான் தலையில! உங்க வீட்லயும் இப்படித்தானே?"

முன் பெஞ்சு சிரித்தது. பிறகு நடு பெஞ்சு. "எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான் சார்," என்று யாரோ கத்தினார்கள், சிரிப்பு இன்னும் பெரிதானது. கடைசி பெஞ்சுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவரும் பல்லைக் காட்டினார், மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"நிஜமாத்தான் சொல்றேன்," என்றான் அவன். அதற்கும் சிரித்தார்கள்.

அவர்கள் வெளியேறியதும் மச்சான் அவன் தோளில் கை வைத்தார். கோபமே இல்லை. "நல்லாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை. ஜனங்க தூங்காம கேட்டாங்க. இனிமே தினமும் இதையும் சேத்துச் சொல்லிடுங்க."

வாசலில் அடுத்த கூட்டம் செருப்பை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. இருபது பேர் இருக்கும். வெளிச்சம் தழும்பின்மேல் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பச் சொன்னார் மச்சான். அவன் ஒரு கையால் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்காலியைத் திருப்பினான்.