சுற்றி வராமல் போட்ட கையெழுத்து

ஒரு கையெழுத்துப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மணலியில் எந்த டிரெய்லர் டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். கூடவே இரண்டு வசவும் சேர்த்துச் சொல்வார். கண்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் எனக்கு வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியையும் டிரைவரோடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றி வருவேன். நசுங்கல், கீறல், துரு எல்லாவற்றையும் சீட்டில் குறிப்பேன். காலிப் பெட்டி என்றால் உள்ளே ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்வேன். அந்த இருட்டில் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அதையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட் திறக்கும். பின்னால் எண்ணூர் வரைக்கும் வண்டி நின்றாலும் சரி, சுற்றி வராமல் ராஜாத்தி கையெழுத்துப் போட மாட்டாள்.

அப்படிப்பட்டவள் சொந்த மகள் விஷயத்தில் ஒரு வரிகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நினைத்தால் இப்போதும் என் கையை நானே நறுக்கென்று கிள்ளலாம் போலிருக்கும்.

மகள் பெயர் ரமாபாய். ஒன்பது வயது, கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளியில் நாலாம் வகுப்பு. பிறந்த நேரத்தில் மூளைக்குக் காற்று சரியாகப் போகவில்லை, சி.பி. என்கிற மூளை முடக்குவாதம் என்றார் டாக்டர். கால் பின்னிக்கொள்ளும், வாக்கர் பிடித்து நடப்பாள். பேச்சும் மெதுவாகத்தான் வரும். ரயில்வே கேட் திறக்கக் காத்திருப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் வந்தால் நறுக்கென்று வரும். என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது, வேகம்தான் வேறு என்பார் என் வீட்டுக்காரர் ஜெயவேல்.

போன வாரம் பள்ளியில் அவளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வழக்கமாக ஃப்ளோரா டீச்சர் இருக்கும். ராயபுரத்துப் பெண், ரமா மாதிரிப் பிள்ளைகளுக்காக வாரம் இரண்டு நாள் வரும் சிறப்பாசிரியர். அன்றைக்கு அதற்குக் காய்ச்சல். புதிதாக வந்த தலைமையாசிரியர் மட்டும் இருந்தார். நல்ல மனிதர்தான். தாளைப் பார்த்துக் கடகடவென்று படித்தார்.

“சி.டபிள்யூ.எஸ்.என்., சி.பி. யு.டி.ஐ.டி. வாங்கியாச்சு. ஐ.இ.பி. ரிவ்யூல எச்.பி.இ. ரெகமண்ட் பண்ணி பி.ஆர்.சி.க்கு அனுப்புறேன். உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே?”

பாதி தெரியும். யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளி அட்டை; அதற்காக அலைந்ததில் என் செருப்பு தேய்ந்தது. பி.ஆர்.சி. என்பது மருத்துவ முகாம் நடத்துகிற ஆபீஸ். ஐ.இ.பி.யை ஃப்ளோரா டீச்சர் விளக்கியிருக்கிறது: இந்த ஒரு பிள்ளைக்கென்று தனியாகப் போடும் படிப்புத் திட்டம். முதலில் சொன்ன அந்த நீளமான பெயர், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வைத்தது. இந்த எச்.பி.இ. மட்டும் புதிது.

சார், அது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால் என் கேட்டில் புது டிரைவர்கள் “இ.ஐ.ஆர்.னா இன்னாக்கா?” என்று கேட்கும்போதெல்லாம், “அதுகூடத் தெரியாம வண்டிய எடுத்துகினு வந்துட்டியா?” என்று நாலு பேர் முன்னால் வாரியிருக்கிறேன். அப்படி ஒருத்தர் என்னை வாருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. “தெரியும் சார்” என்று சொல்லிப் போட்டேன் கையெழுத்தை. ஏதோ காலுக்கான பயிற்சி என்று நானே முடிவும் செய்துகொண்டேன்.

அன்று மாலை ஜெயவேலிடம், “ரமாவுக்கு எச்.பி.இ. குடுத்துகீறாங்க” என்றேன்.

“அப்டின்னா?”

“உனக்கு சொன்னா புரியாது” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டில் நிற்கிறேன், ஃப்ளோரா டீச்சரிடமிருந்து போன்.

“ராஜாத்திக்கா, ரமாவை இனிமே ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“யார் சொன்னது?”

“எச்.பி.இ.ல கையெழுத்து போட்டுகீறீங்களேக்கா.”

விழுங்கி விழுங்கிக் கேட்டேன். “அது இன்னா டீச்சர்?”

டீச்சர் பொறுமையாகச் சொன்னது. “வூட்ல வச்சே பாடம் சொல்லிக் குடுக்கறதுதான்க்கா. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வாட்டி டீச்சர் வூட்டுக்கு வருவாங்க. படுக்கைய வுட்டு எழ முடியாத புள்ளைங்களுக்கு அது பெரிய ஒத்தாச. ரமாவுக்கு எதுக்கு? இன்னிக்கு மூணு மணிக்கு லிஸ்ட் பி.ஆர்.சி.க்குப் போவுது.”

தினமும் ஏழரைக்கே பையை வாக்கரில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளை அவள். அவளை ஒற்றை அறையில் டி.வி. முன்னால் உட்கார்த்தி வைக்க நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கேட்டைக் கூட இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே கிளம்பிக்கொண்டிருந்த டிரெய்லரில் தொற்றி ஏறினேன். ஓட்டியவன் வசீம். போன மாதம் இ.ஐ.ஆர். என்றால் என்ன என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

“இன்னாக்கா பேஜாரு?”

“ஒண்ணு தெரியாம தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்டா.”

“கேட்டா திட்டுவாங்கன்னு பயமாக்கா?” என்றான். கண் ரோட்டில்தான் இருந்தது. சிரிப்பு உதட்டில் இருந்தது.

எனக்கு நன்றாக வேண்டும். “இ.ஐ.ஆர்.னா, பெட்டி கைமாறும்போது எந்த நெலமைல இருந்துச்சுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கற சீட்டு” என்று தொடங்கி, வழியெல்லாம் அவனுக்கு விளக்கினேன். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டபோது, “இப்ப புரிஞ்சுதுக்கா, மொதல்லயே சொல்லிருக்கலாம்ல” என்றான். ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனபோது மணி ஒன்றரை.

எச்.பி.இ. வேண்டாம் என்றதும் தலைமையாசிரியர் திகைத்துப் பார்த்தார். “நீங்கதானேம்மா சம்மதிச்சீங்க?”

“சம்மதிக்கல சார். புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் போட்டேன்.” சொல்லி முடித்ததும் தலையிலிருந்து ஒரு தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அவர் கோபப்படவில்லை. அடுத்த மாதம் நாலாம் வகுப்பு மாடிக்குப் போகிறது என்றார். “படியில விழுந்துட்டா என்னம்மா செய்றது? வாய் திறந்து யாரையும் கூப்பிடவும் மாட்டா. வகுப்புல பேசுறதே இல்லைன்னு எழுதியிருக்கே.”

“எதுல சார் எழுதிகீது?”

“போன வருஷ ரிப்போர்ட்ல.”

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. அடக்கிக்கொண்டேன், முழுதாக அடங்கவில்லை. “சார், பெட்டியப் பாக்காம பழைய சீட்டப் பாத்து எழுதுனா எங்க யார்டுல வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் பாக்காம கையெழுத்து போட்டேன், நீங்க பாக்காம எழுதுனீங்க. ரெண்டு பேருமே தப்பு. வாங்க, ஒரு சுத்து சுத்தி வந்துரலாம்.”

பக்கத்தில் நின்ற ஃப்ளோரா டீச்சர் சிரிப்பை அடக்கக் கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கியது. தலைமையாசிரியர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

நாலாம் வகுப்பில் மதிய வருகைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஓரமாக நின்று பார்த்தோம். வகுப்பு டீச்சர் மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். முன்னால் நாற்காலியில், வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மடியில் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தது என் மகள்.

“அ…மான்.”

“உள்ளேன்.”

அடுத்த பெயருக்கு அவள் வாய் தயாராகும்வரை முப்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு பையன் அவசரப்பட்டு எழுந்து உள்ளேன் என்றான். ரமா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்…னும்… கூப்…பிடல.”

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். அது நான் கேட்டில் டிரைவர்களைப் பார்க்கும் அதே பார்வை. என் பிள்ளை இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

“எத்தனை நாளா இது நடக்குது?” என்று தலைமையாசிரியர் மெல்லக் கேட்டார்.

“ஸ்கூல் திறந்ததுல இருந்து சார்” என்றார் வகுப்பு டீச்சர். “பிள்ளைங்களேதான் கேட்டாங்க. கால் மணி நேரம் ஆகுது. ஆனா நான் கூப்பிட்டா மீன் மார்க்கெட், அவ கூப்பிட்டா கப்சிப்.”

தலைமையாசிரியர் மோவாயைத் தடவினார். “மாடிக்குத்தான் என்ன செய்றதுன்னு தெரியலை.”

முன் பெஞ்சிலிருந்து எழில்மொழி என்ற பெண் எழுந்தாள். “நாங்க எதுக்கு சார் மேல போவணும்? அஞ்சாங் கிளாஸ அனுப்புங்க. அவங்களுக்குத்தான் காலு பெருசா கீது.”

தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்து முடிப்பதற்குள் அவர் மனதில் முடிவாகிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. “சரி, அப்படியே செஞ்சிடலாம்” என்றார்.

ஃப்ளோரா டீச்சர் அங்கேயே மேஜையில் தாளை விரித்து அந்த மூன்றெழுத்தை அடித்தது. இனி எந்தச் சுருக்கப் பெயரும் வேண்டாம், எல்லாம் முழுசாகத் தமிழில் வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். டீச்சர் எழுதியது: ‘ரமாபாய் தினமும் பள்ளிக்கு வருவாள். அவள் வகுப்பு கீழ்த்தளத்தில் நடக்கும். மதிய வருகைப்பதிவை அவளே எடுப்பாள்.’

“வருகைப்பதிவெல்லாம் ஐ.இ.பி.ல வருமா?” என்றார் தலைமையாசிரியர்.

“அதான் சார் ஐ.இ.பி.” என்றது ஃப்ளோரா டீச்சர்.

நான் மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். மணி இரண்டு.

இதற்குள் பதிவேட்டில் கடைசிப் பெயரும் முடிந்திருந்தது. ரமா அதை மூடவில்லை. தலையைத் திருப்பி வாசற்பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். உதடு தயாராவது தெரிந்தது. வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. நாற்பது லாரியை ஒரே நேரத்தில் காக்க வைக்கிற நான், என் பெயர் வந்து சேரும்வரை கைகட்டி நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

“ரா…ஜாத்…தி.”

“உள்ளேன் டீச்சர்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பென்சிலை எடுத்தாள்.

“லேட்…டு” என்றாள்.

“ஆமா டீச்சர், லேட்டுதான்” என்றேன். அவள் பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டு, போய் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.