நீலாம்பாளின் வாய்

ஓடத்திடல் நீலாம்பாள், தன்னுடைய பாட்டை உலகத்தில் யார் பாடினாலும், அந்த நேரத்தில் தானும் வாய் திறந்து பாடியாக வேண்டியிருந்தது. பாபநாசத்தில் ஒருவர் குளித்துக்கொண்டே அதை முனகினால், கீழ்வேளூருக்குத் தெற்கே ஓடத்திடலில் இவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டும். குரல் இவளுடையதுதான், ஆனால் பாடுகிறவரின் சளி, அவசரம், சுருதிப் பிசகு எல்லாம் அப்படியே வரும். இதைப் பேய் என்றும் பிணி என்றும் ஊர் கொஞ்ச காலம் பேசிப் பார்த்தது. நாகூரில் ஓதிப் பார்த்தார்கள், வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், தெருக் காளிக்கு ஆடு வெட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உர விலை ஏறியது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

பாட்டு வந்தது, ரூபாய்க்குப் படி அரிசி என்று சொன்ன கட்சி கோட்டைக்குப் போன வருஷத்தில். கூத்தாநல்லூர் அல்லா பிச்சை மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்; கூடவே ஒரு பாட்டுக் குழுவும் வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து தம்பிகள் அனுப்பிய அக்கார்டியனும் பாங்கோஸும்தான் அந்தக் குழுவின் கௌரவம். நடவு வயலில் நீலாம்பாள் பாடியதைச் சைக்கிளை நிறுத்திக் கேட்டவர், அவள் தகப்பனிடம் பேசிக் குழுவில் சேர்த்துக்கொண்டு, சென்னைக்கு அழைத்துப்போய் இசைத்தட்டும் போட்டார். 'ஆத்துத் தண்ணி வந்தாச்சு, அடிச்ச ஏரும் ஓஞ்சாச்சு, நாத்து முடியும் வந்தாச்சு, அத்தான் இன்னும் வரலியே' என்பது பல்லவி. ஒலிப்பதிவு நடக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வடையைக் கடித்தார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு நீலாம்பாளுக்கு, அத்தான் மறந்துபோனான். அந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று இழுத்து, 'இன்னும் வரலியே' என்று முடித்துவைத்தாள். பல்லவி திரும்பி வந்த இடத்திலெல்லாம் அத்தானுக்கு அதே கதி. இன்னொரு தரம் எடுக்க அங்கே அவகாசம் இல்லை. "போவட்டும் புள்ள, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் அல்லா பிச்சை.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி. அதில் அந்தப் பாட்டு வந்த மாதமே நீலாம்பாள் பெரிய ஆளாகிவிட்டாள். மன்னார்குடித் திருவிழாவில் அவளைப் பார்க்க ஏறிய கூட்டத்தில் ஒரு ஓட்டுக் கூரை இறங்கியது. இரட்டைச் சடை, உயரமான செருப்பு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று அவள் கீழ்வேளூர் ரயிலடியில் இறங்கியதைப் பற்றி இன்னமும் பேசுகிறார்கள். அந்த வருஷம் வாய் அவளுக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்: இசைத்தட்டு சுழன்றால் அவள் வாய் திறக்காது. மனுஷர் பாடினால்தான் திறக்கும். ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, இன்னும் பாடத் தொடங்கவில்லை.

அடுத்த வருஷம் வேறு பாட்டுகள் வந்தன. இவளுடன் வந்து ஓகோ என்று ஓடியவையெல்லாம் போன இடம் தெரியவில்லை. இவள் பாட்டும் வானொலியில் குறைந்து, ஒருநாள் நின்றது. நின்ற பிறகுதான் வாய்கள் ஆரம்பித்தன. அந்த 'ம்ம்ம்' இருந்த இடத்தில் அவரவர் தங்களுக்கு வராததை வைத்துப் பாடிக்கொண்டார்கள். நடவுப் பெண்களுக்கு முன்பாட்டுப் பாடும் கண்ணாத்தாள் 'கூலி நெல்லு இன்னும் வரலியே' என்றாள். பண்ணையார் வாஞ்சிநாதன் வெந்நீர்ச் செம்போடு நின்று 'குத்தகை நெல்லு இன்னும் வரலியே' என்றார். அவர் மனைவி விஜயம், பம்பாய்க்குப் போன பிள்ளையை நினைத்து 'சாமா கடுதாசி இன்னும் வரலியே' என்றாள். ரேஷன் வரிசையில் பாமாயில் வரவில்லை, படித்தவனுக்கு வேலை வரவில்லை, ஆளும் கட்சிக்காரனுக்கு வாரியப் பதவி வரவில்லை, எதிர்க்கட்சிக்காரனுக்கு ஆட்சியே வரவில்லை. வராதது ஒன்று எல்லாரிடமும் இருந்தது. அத்தனையும் நீலாம்பாள் வாய் வழியாக வந்தன.

குழுவை விட்டு விலக வேண்டியதாயிற்று. வேறு பாட்டை மேடையில் எடுத்தால் பாதியில் இது புகுந்துவிடும். திரும்பவும் வயலுக்கு இறங்கினாள். தை மாதமும் ஆவணியும் கல்யாண மாதங்கள். ஒரு பந்தலில் முடிந்தால் இன்னொரு பந்தலில் தொடங்குவார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் விழுங்கக் கற்றுக்கொண்டாள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்போம் என்ற உத்தரவாதம் இல்லாததால், அவசியமானதை முதல் வார்த்தையிலேயே சொல்லப் பழகினாள். அவள் ஆசைப்பட்டது புகழையோ பழைய நாட்களையோ அல்ல. தான் நினைத்ததை, நினைத்த நேரத்தில், தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூலிப் போராட்டம் சூடுபிடித்த சமயம், ஆட்களைத் தூண்டிவிடுகிறாள் என்று அவளை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினார்கள். இனிமேல் பாடமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். 'குத்தகை நெல்லு இன்னும் வரலியே' என்று வந்தது. இது யாருக்கு ஆதரவு என்று புரியாமல் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பாட்டைக் கொன்றுவிட அவள் பார்க்காத வழியில்லை. அல்லா பிச்சையிடம் இருந்த தட்டுகளைக் கெஞ்சி வாங்கிக் குளத்தில் போட்டாள். விட்டுப்போன வார்த்தையைச் சேர்த்துவிட்டால் மற்ற பாட்டுகளைப் போல இதுவும் செத்துப்போகும் என்று எண்ணி, அவரையே நச்சரித்து, அத்தானோடு மறுபடி பாடிப் பதிவு செய்தாள். அதை ஒருவரும் சீந்தவில்லை. அத்தான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று ஜனங்கள் இருந்துவிட்டார்கள். பண்ணை வீட்டுக் கொல்லையில் போய் நின்று விஜயத்திடம், "அம்மா, நீங்களாச்சும் பாடாம இருங்கம்மா" என்று கேட்டாள். விஜயம் திகைத்துப்போனாள். "நான் எங்கேடி பாடறேன்? வாய் தன்னாலே முணுமுணுக்கறது" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்பைப் பார்க்கத் திரும்பியவள் முணுமுணுத்தாள். கிணற்றடியில் நின்ற நீலாம்பாளும் சாமா கடுதாசியைப் பாடினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

தங்கையனை அவள் கட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். செங்கொடிச் சங்கத்தின் ஊர்ச் செயலாளர். பேச எழுந்தால் எருமை தண்ணீரிலிருந்து எழுவதுபோல நிதானமாக எழுவார். பெண் கேட்டு வந்த அன்று, "எனக்குப் பாட்டு வராது" என்று மட்டும் சொன்னார்.

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட. வந்தாலும் இந்தப் பாட்ட நான் பாடமாட்டேன்."

பாடவும் இல்லை. ஜில்லாவில் அந்தப் பாட்டைப் பாடாத ஒரே மனிதர் அவர்தான். ஊர்வலத்தில் எல்லாரும் அதைப் பாடிக்கொண்டு போகும்போது அவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நடப்பார். அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போது, இந்த வாயிலிருந்து மட்டும் எனக்கு உபத்திரவம் இல்லை என்று நீலாம்பாள் நிம்மதியாக மூச்சு விடுவாள்.

நில உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை வாஞ்சிநாதன் ஆடு மாடு பேரில்கூட எழுதிவைத்திருந்த காலம் அது. அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள், உள்ளூர் ஆட்கள் வரப்பில் மறித்தார்கள், தடியடி நடந்தது. அதோடு தங்கையனைக் காணவில்லை. காவல் நிலையத்தில் இங்கே இல்லை என்றார்கள். பண்ணை வீட்டில், எங்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். அது தை மாதம். நீலாம்பாள் தெருத் தெருவாக ஓடி, எம்புருஷனப் பாத்தீங்களா என்று கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளைக்குச் சீர் இன்னும் வரவில்லை, யாரோ ஒருத்திக்குப் பூ இன்னும் வரவில்லை. வெட்கமும் ஆத்திரமும் தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்தாள். துணிக்குள்ளிருந்தும் பாட்டு வந்தது. ஊரே அவளுக்குள் நின்று கத்திக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் பேச முடியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வந்தது. அப்படி ஒரு கோணல் பாட்டை அதற்கு முன் யாரும் பாடியதில்லை. தாளம் ஒரு பக்கம் போக, சுருதி வேறு பக்கம் போக, ஒவ்வொரு வார்த்தையாக எழுந்து நின்று யோசித்து வந்தது. அவர் பாடிக் கேட்டதே இல்லை என்றாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'நாத்து முடியும் வந்தாச்சு' வரை வந்தவர், அடுத்து எதை வைப்பது என்று தெரியாமல் அந்த இடத்தைச் சும்மா விட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் நாக்கு அவளுக்காகக் காலியாகக் கிடந்தது. அந்த ஆச்சரியத்திலேயே முதல் தடவையை வீணடித்தாள். பல்லவி திரும்பி வந்தபோது காத்திருந்து, "எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி, எங்கோ கட்டிப்போட்டிருந்த தங்கையன் வாயிலிருந்து நீலாம்பாள் குரலில் வந்தது. அவர் எதற்கும் அவசரப்படுகிறவர் இல்லை. இன்னொரு தரம் பாடி, இன்னொரு தரம் அந்தக் கேள்வி தன் வாயில் வந்ததும்தான் நம்பினார். அப்புறம் அந்த இடத்தில் பதிலை வைத்தார். 'பழைய மில்லு உமிக் கொட்டா இன்னும் வரலியே' என்று நீலாம்பாள் நடுத்தெருவில் பாடினாள்.

கண்ணாத்தாளும் மற்றவர்களும் அறுப்பு அரிவாளோடு கிளம்பினார்கள். வாஞ்சிநாதனின் மூடிப்போன அரிசி மில், ஆற்றங்கரையில் இருந்தது. காவல்காரன் கூட்டத்தைப் பார்த்தான், சாவியைக் கொடுத்தான், ஆற்றைத் தாண்டி ஓடினான். உமிக் குவியலில் தங்கையன் காலொடிந்து கிடந்தார். மில்லில் திருட வந்தவர் தானே விழுந்து காலை ஒடித்துக்கொண்டதாக வழக்கு எழுதப்பட்டு, பிறகு அதுவும் ஆறிப்போனது.

"பாட மொத நாளே நெனைச்சேன். ஒனக்குத் தொந்தரவாச்சேன்னு யோசிச்சேன்" என்றார் மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு.

"நல்லா யோசிச்சீங்க போங்க" என்று அவர் தோளில் அடித்து, அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நீலாம்பாள் ஓவென்று அழுதாள். ஆற்றின் வளைவு வரைக்கும் யாரும் பாடவில்லை.

அதன்பிறகு தங்கையன் தினமும் மதியத்தில், விந்திவிந்தி வாய்க்கால் கரைக்குப் போய், அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு தரம் பாடிவிடுவார். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை நீலாம்பாள் வீட்டிலிருந்து சொல்வாள். உப்பு தீர்ந்துவிட்டது, ஆடு குட்டி போட்டுவிட்டது, சாப்பிட வாங்க. அவர் தன் வாயாலேயே அதைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். பேச்சுக்கு அவ்வளவுதான் இடம் என்றாலும் அவர்களுக்குள் சண்டைகூட நடந்திருக்கிறது. இப்படியே ஆட்சிகள் மாறின. கூட்டுறவுச் சங்கம் வந்தது, டிராக்டர் வந்தது, கேசட் வந்தது. வாஞ்சிநாதன் போனபின் விஜயத்தைச் சாமா பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். பண்ணை நிலத்தில் ஒரு துண்டு கண்ணாத்தாள் பேருக்கு வந்தது. அல்லா பிச்சையின் கம்பெனித் தட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. பாடியது யார் என்பதே மறந்துபோய், அது தெம்மாங்கு என்று சிலர் சொன்னார்கள். தொலைக்காட்சியில் ஒரு நடுவர், பல்லவியில் அந்த 'ம்ம்ம்' இருக்கிறதே, அங்கேதான் இசையமைப்பாளரின் மேதைமை இருக்கிறது என்று கண் கலங்கினார். வடையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. விஜயம் மட்டும் பம்பாயில் மகனின் வீட்டில் இருந்துகொண்டு, 'ஓடத்திடல் இன்னும் வரலியே' என்று பாடிக்கொண்டிருந்தாள்.

காவிரியில் தண்ணீர் தாமதமாகத் திறந்த ஒரு வருஷம், ஆவணி மாதத்தில், தங்கையன் செத்துப்போனார். நீலாம்பாளால் ஒப்பாரி வைக்க முடியவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, 'மேளக்காரன் இன்னும் வரலியே' என்று யார் வீட்டுக் கல்யாணத்தையோ பாடினாள். எடுத்துக்கொண்டு போகும்போதும் பாடினாள். அவள் கண் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு இடத்தைக் காலியாக விட்டுப் பாட ஆளில்லை. தாயைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். சொந்தப் பேச்சு என்று ஒன்று அவளிடமிருந்து வரவே இல்லை.

தண்ணீர் வந்து நடவு தொடங்கியது. முதல் நாள் கண்ணாத்தாள் வயலில் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, "அந்த எடத்துல இன்னிக்கு எவளும் எதயும் போடாதீங்கடி. அவ பேசட்டும்" என்றாள். பெண்கள் நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினார்கள், இடம் வந்ததும் நிறுத்தினார்கள். அத்தனை வாய்களிலிருந்தும், வீட்டில் கிடந்த நீலாம்பாளின் குரல், "அவரு இன்னும் வரலியே" என்றது. மறுபடி பாடினார்கள், மறுபடியும் அதையே சொன்னது. அன்றைக்கு மத்தியானம் வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் சேற்றில் நின்றபடி அவளுக்காகப் பாடிக்கொண்டே இருந்தார்கள். நடவு கொஞ்சம்தான் நடந்தது.

மறுநாள் பாடியபோது அந்த இடத்தில், "வரும்போது வெத்தல வாங்கியா" என்று வந்தது. கண்ணாத்தாள் கரையேறி, கடைத்தெருவில் வாங்கி, நீலாம்பாள் வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சுண்ணாம்பை மறந்துவிட்டாள். அதை அடுத்த நாள் நடவு வயலில், எல்லார் வாயாலும் நீலாம்பாள் சொல்லிக்காட்டினாள்.