பதினோரு விநாடிக் காணொளி

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸப்பில் வந்தது. உறவினர் குழுவில், ஒரு திருமண நாள் வாழ்த்துக்கும் முழங்கால்வலித் தைலம் ஒன்றுக்கும் நடுவில் வந்தது. ஆளில்லாத நான்கு பட்டுத்தறிகள். பின்னால் அழுது வடியும் புல்லாங்குழல். “ஒருத்தரும் தறியில இல்ல, பாரு” என்று ஒரு பெண்குரல். கீழே, ‘பூட்டிக் கிடக்கும் காஞ்சித் தறிகள், இதுதான் இவர்கள் ஆட்சி’ என்று கொட்டை எழுத்து. மொத்தம் பதினோரு விநாடி. நானும் உச்சுக்கொட்டிவிட்டு ஏழு பேருக்கு அனுப்பினேன். அந்த ஏழு பேரில் ஒருவர், பெரிய காஞ்சிபுரத்தில் பெண் கொடுத்தவர், ‘அன்னிக்கி அமாவாசைப்பா’ என்று மட்டும் பதில் போட்டார். மூக்குடைபட்ட கையோடு எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கோயில் மணியோசையில் கண்விழிக்கும் பட்டு நகரில், தறியின் தாளம் ஓய்ந்துபோன ஒரு சோகமான…’

[வேண்டாம். இதைத்தான் புல்லாங்குழல்காரனும் செய்தான்.]

இரண்டாம் முயற்சி: ‘இன்றைய அரசியலைச் சமூக ஊடகங்கள் எவ்வாறு…’

[இதை என் மனைவியே படிக்கமாட்டாள்.]

மூன்றாவது. கமலவேணிக்கு நாற்பத்தாறு வயது. அவளும் கணவன் குமரகுருவும் கொழுந்தன்மார் இருவரும் வீட்டுக்குப் பின்னால் ஒரே கூடத்தில் நான்கு தறி போட்டிருக்கிறார்கள். நெய்த சேலை விற்றுவிடுகிறது, அதில் குறையில்லை. குறை தெருவில்தான். மழைநீர்க் கால்வாய் கிடையாது. வெளுத்து வாங்கினால் தெருத் தண்ணீரெல்லாம் கூடத்துக்குள் வந்து, உட்கார்ந்து மிதிக்கிற தறிக்குழியில் தேங்கும். ஒன்பது வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரணியில் இருக்கும் அக்கா காந்தா, “அப்டி இன்னா தண்ணி நிக்குது, காட்டேன்” என்றாள். கமலவேணி போனைத் தூக்கிப் பிடித்து, பேசிக்கொண்டே படமெடுத்து அனுப்பினாள்.

“ஒருத்தரும் தறியில இல்ல, பாரு. இன்னிக்கி அமாவாசை, அதான் நிதானமா காட்டறேன். குழியப் பாத்தியாக்கா? கெண்டைக்கால் வரிக்கும் நிக்குது. இதுல கால வுட்டுக்கினு எப்டி நெய்யறது?”

அவள் பேசியது இவ்வளவுதான்.* காந்தா அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாள். அங்கிருந்து யாரோ எடுத்து, முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்தான்.

* அமாவாசையன்று நெசவாளர்கள் தறி ஏறுவதில்லை. மாதத்தில் அவர்களுக்கென்று இருக்கிற விடுமுறை அது. ஊருக்கே தெரிந்தது என்பதால் ஊரில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

3

நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு கட்சி தன் பக்கத்தில் போட்டது, மற்றொரு கட்சி ‘கூலிக்கு நடித்த நாடகம்’ என்றது. [எந்தக் கட்சி எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இங்கேயே இறங்கிவிடுவீர்கள்.] தொலைக்காட்சியில் நான்கு பேர் கத்திக்கொண்டிருக்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் தன் தறிக் காணொளி திரும்பத் திரும்ப ஓடுவதைக் கமலவேணி சோற்றுத் தட்டோடு பார்த்தாள். கூடத்தைப் பெருக்காமல் எடுத்துவிட்டோமே என்பதுதான் முதலில் தோன்றியது.

மூன்றாம் நாள் தெருவுக்கு ஜேசிபி வந்தது. வார்டு கவுன்சிலர் கூடவே நின்று, கால்வாய்க்குப் பள்ளம் தோண்டச் சொன்னார். ஒன்பது வருட மனுவுக்கு வராத இயந்திரம் பதினோரு விநாடிக்கு வந்தது.

“மிஷினு வேலய முடிச்சிக்கினு போற வரிக்கும் நீ வாயத் தொறக்காத” என்றான் குமரகுரு. “அமாவாசைன்னு சொன்னியா, சத்தம் அடங்கிடும். சத்தம் அடங்கிச்சினா மிஷினும் போய்டும்.”

“நான் ஒண்ணும் பொய் சொல்லலியே.”

“நீ பொய் சொன்னன்னு யாரு சொன்னா? சும்மா இரு. அது போதும்.”

அவளும் சும்மா இருந்தாள். சும்மா இருப்பதற்கு அவளுக்கு நல்ல காரணம் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

4

இந்த இடத்தில் சத்யராஜ் வரவேண்டும். முதல் வரைவில் அப்பழுக்கில்லாத பிள்ளையாக வந்துவிட்டான், நம்பமுடியவில்லை. கொஞ்சம் மண்டைக்கனம் வைத்தேன். இப்போது பரவாயில்லை.

வயது இருபத்தேழு. பேருந்து நிலையம் அருகே செல்போன் கடையில் வேலை. வேலை முடிந்ததும் ‘காஞ்சி கண்ணாடி’ என்று யூடியூப் சேனல் நடத்துகிறான், சந்தாதாரர் அறுநூற்று நாற்பது. அவன் அம்மா லில்லி தையல்காரி. கமலவேணியின் ரவிக்கை எல்லாம் பதினைந்து வருடமாக அவள் தைத்ததுதான்.

பதினோரு விநாடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கண்டுபிடித்தான். தாளில் கறுப்பு வட்டம். ‘அமாவாசை! தறி எப்படி ஓடும்? ஊரை ஏமாற்றாதீர்கள்’ என்று, தேவைக்கு மேல் ஒரு சிரிப்போடு, காணொளி போட்டான். இரண்டு மணி நேரத்தில் தொள்ளாயிரம் பின்னூட்டம். முதலில் காலண்டர் போலி என்றார்கள். பிறகு அவன் பெயரைப் பிடித்தார்கள், பெயரிலிருந்து, கிறிஸ்தவன் என்று தெரிந்ததும் மதத்துக்கும், மதத்திலிருந்து அவன் குடியிருக்கும் தெருவுக்கும், அங்கிருந்து அம்மாவுக்கும் போனார்கள். ‘தறிக்கும் உனக்கும் இன்னாடா சம்மந்தம்?’ என்பதுதான் அதில் மரியாதையான கேள்வி. மற்றவற்றை எழுத என் கை கூசுகிறது.

கடைக்காரர் பூவராகவன் கெட்டவரல்ல. “வியாபாரம் பண்ற எடம்பா இது. அந்தம்மா வாயால ஒரு வார்த்த சொல்ல வை. இல்லாட்டி வீடியோவத் தூக்கிட்டு மன்னிப்பு கேளு. வெள்ளிக்கிழமைக்குள்ள எதுனா ஒண்ணு. இல்லன்னா வேற எடம் பாத்துக்க” என்றார்.

5

வியாழக்கிழமை மாலை, தோண்டிய பள்ளத்தின்மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி சத்யராஜ் வந்தான். சிரிப்பு இல்லை.

“அக்கா, ஒரே வார்த்த. அன்னிக்கி அமாவாசைதானே?”

“உனக்கே தெரியுமேப்பா.”

“எனக்குத் தெரியும்க்கா. நான் சொன்னா செல்லாது.”

கமலவேணிக்குச் சுருக்கென்றது. அது உண்மை என்பது அவளுக்கும் தெரியும்.

“அம்மா எப்டிக்கீது?”

“ரெண்டு நாளா தையல் மிஷின்ல உக்காரல. பஸ்ல ஒருத்தன் போன நீட்டி, இது உம் புள்ளயான்னு கேட்டானாம்.”

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பாதிதான் முடிந்திருந்தது. இப்படியே போட்டுவிட்டுப் போனால், அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாக வீட்டுக்குள் வரும். உள்ளே குமரகுரு வேண்டுமென்றே இருமினான்.

“உக்காருப்பா” என்றாள். “அந்தப் போன எடு.”

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) “ஆமா, அமாவாசை” என்கிறாள். சத்யராஜின் வேலை தப்பிக்கிறது. ஜேசிபி திங்கட்கிழமை வரவில்லை.

(ஆ) “ஞாபகம் இல்லப்பா” என்கிறாள். கால்வாய் முடிகிறது. லில்லியிடம் ரவிக்கை கொடுக்க அவளால் இனி போகமுடியாது. [இது எனக்கு வலித்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.]

(இ) “அமாவாசைதான். ஆனா தண்ணி நிக்கறதும் நெசம்” என்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் முதல் பாதியை ஒருவன் வெட்டிக்கொண்டு போவான், மறு பாதியை இன்னொருவன். நாம் பழையபடி இரண்டாம் பிரிவில் நிற்போம்.

7

இத்தனையும் எழுதிய பிறகுதான் தேடிப் பார்த்தேன். அவள் பேசியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை, காஞ்சி கண்ணாடியில், நான்கு நிமிடம் இருபது விநாடி. பார்த்தவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர்.

“வெட்டாம போடுவியா?” என்று கேட்கிறாள்.

“வெட்டமாட்டேன்க்கா. ஆனா இவ்ளோ நீட்டா போட்டா எவனும் பாக்கமாட்டான்.”

“பாக்கறவன் பாக்கட்டும்.”

பிறகு நிதானமாக முதல் மனுவிலிருந்து தொடங்குகிறாள். எந்த வருடம், யாரிடம் கொடுத்தது, அவர் என்ன சொன்னார். ஒரு நிமிடம் ஐம்பதாவது விநாடியில் இரண்டாம் மனுவுக்கு வந்திருந்தாள். என் கட்டைவிரல் தானாக நகர்ந்துவிட்டது. அடுத்த காணொளியில் நூறு கிலோ பிரியாணி ஒன்றை யாரோ தம்முக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதை முழுவதும் பார்த்தேன்.

திரும்பிப் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மூன்றாம் மனுவை எட்டவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளுடைய வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாமலே அவளைப் பற்றி ஒரு கதை எழுதி முடித்திருக்கிறேன்.

மிச்சம் இரண்டரை நிமிடம் அங்கேயேதான் இருக்கிறது. உங்களால் கடைசிவரை பார்க்க முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அந்தப் பையனுக்காக அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாளா?